சார் கிளம்பிட்டாங்க

மூன்று ஐந்துக்கு அந்த போன் வந்தது. "சார் கிளம்பிட்டாங்க" என்றான் விருந்தினரின் உதவியாளன். அதை நம்பி மூன்று பத்துக்கு நான் விசில் ஊதினேன். இப்போது மணி மூன்று ஐம்பத்திரண்டு. எங்கேயிருந்து கிளம்பிட்டாங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படுக்கையிலிருந்தா, சாப்பாட்டு இலையிலிருந்தா, திருநெல்வேலி ஓட்டல் வாசலிலிருந்தா? முப்பத்தோரு வருடமாக இந்தப் பள்ளியில் உடற்பயிற்சி டீச்சராக இருக்கிற எனக்கு, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அமலோற்பவத்துக்கு, கிளம்பிட்டாங்க என்றால் என்ன என்று தெரியாதா? கல்யாண வீட்டில் மேளக்காரருக்கு போன் போட்டால் கிளம்பிட்டோம். கரண்ட் ஆபீசுக்கு போன் போட்டால் ஆள் கிளம்பிட்டாரு. நானே சொல்லாத நாள் உண்டா? தலையில் சுற்றிய துண்டோடு, ஈரம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, கிளம்பிட்டேன் மதினி, தெரு முக்குலதான் நிக்கேன் என்று சொல்லாத ஞாயிற்றுக்கிழமை உண்டா? எல்லாம் தெரியும். தெரிந்துதான் ஊதினேன். ஊதுகிற அவசரம் எனக்குத்தான் இருந்தது. பன்னிரண்டு பள்ளி, முந்நூற்று நாற்பத்தாறு பிள்ளைகள், அத்தனை பேரும் டிரம்மை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பதை மேடையிலிருந்து ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று ஆறு வருடமாக ஆசை. பார்த்தாச்சு. நாற்பத்திரண்டு நிமிடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

புரட்டாசி வெயில். மேகம் இருக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் மைதானத்துக்கு மேலே மட்டும் இல்லை. பந்தல்காரர் போட்ட ஷாமியானாவுக்குக் கீழே நாற்பது நாற்காலி, வெள்ளைத் துணி போர்த்தி, ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா. அதில் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பத்து மூன்று நாற்காலிகள் நிழலில் சும்மா கிடக்கின்றன. பிள்ளைகள் வெயிலில். இதை வரைந்தது யார்? நான்தான். கட்டம் போட்ட நோட்டில், அடிக்கோல் வைத்து, மேடை இங்கே, ஷாமியானா இங்கே, பேண்டு அணிகள் இங்கே. வரையும்போது காகிதத்தில் வெயில் தெரியவில்லை. முதல் முறையாக நம் ஊரில் மாவட்ட பேண்டு விழா. ஒவ்வொரு வருடமும் வேறு ஊருக்கு நம் பிள்ளைகளை வேனில் கூட்டிப் போய், அங்கே இருக்கிற குறையை எல்லாம் கணக்கெடுத்து, எங்க ஊர்ல நடந்தா இப்படியா இருக்கும் என்று திரும்பி வரும்போது வாய் ஓயாமல் பேசியவள் நான். தண்ணீர் இல்லை, வரிசை இல்லை, ஆளாளுக்கு விசில், ஒரு மாஸ்டர் நில் என்பார், இன்னொருவர் நட என்பார், சந்தைக்கடை. அதனால்தான் நான் எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிய கடிதத்தில் ஐந்தாவது விதியாக எழுதினேன்: திடலுக்குள் வந்தபின் அமைப்பாளரின் விசில் ஒன்றே கட்டளை, மற்ற ஆசிரியர்கள் யாரும் கட்டளை இடக் கூடாது. எழுதிவிட்டு நாலு தரம் வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதன்படியே மற்றப் பள்ளி பேண்டு மாஸ்டர்கள் எல்லாரும் வேலி ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் வாயும் திறக்கவில்லை. என் கழுத்தில் இந்தச் சின்ன விசில் தொங்குகிறது. ஊதினால் முந்நூற்று நாற்பத்தாறு பேரும் உட்காருவார்கள். ஊதாவிட்டால் நிற்பார்கள்.

ஊதத்தானே போனேன். மூன்றரைக்கே போனேன். பள்ளிச் செயலாளர் தர்மக்கண் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊதுவோம் என்று நினைத்ததுதான் பிசகு. சொல்லாமல் ஊதியிருக்க வேண்டும். "அண்ணாச்சி, பிள்ளைகள ஒரு அஞ்சு நிமிசம் உக்கார வைக்கட்டா?" என்றேன். அண்ணாச்சி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்தபடி, "டீச்சர், உக்காந்த நேரத்துல வண்டி உள்ள வந்துட்டா என்ன செய்வீய? கிரவுண்டு பூராம் டிரம்மும் பிள்ளையளுமா செதறிக் கெடக்கும். அவரு யாருன்னு தெரியும்லா? நம்ம ஊர்ல பொறந்து மெட்ராஸ்ல அவ்வளவு பெரிய ஆளா இருக்காரு. புது கட்டடம் கட்டித் தாறேன்னு வாய் வார்த்தையா சொல்லியிருக்காரு. ஒரு அஞ்சு நிமிசம் பொறுங்க" என்றார். நான் கேட்டதும் அஞ்சு நிமிடம், அவர் சொன்னதும் அஞ்சு நிமிடம். அண்ணாச்சி கெட்டவர் இல்லை. காலையில் பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சோறு போதவில்லை என்றதும் வீட்டிலிருந்து இன்னொரு அண்டா வரவழைத்தவர். அவருக்குப் பிள்ளைகள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. வண்டி மேல்தான் கண். அஞ்சு நிமிடம் போனதும் நான் மறுபடி அவரிடம் போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்றால் அதற்குள் உதவியாளன் மறுபடி போன் செய்து பைபாஸ் திரும்பிட்டோம் என்றான். பைபாஸ் திரும்பிவிட்டால் பத்து நிமிடம். பத்து நிமிடத்துக்காக எதற்குக் கலைப்பது? கலைத்தால் மறுபடி வரிசை கட்ட இருபது நிமிடம் ஆகும், இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியாத வரிசையா? பத்து நிமிடம் போனது. இவ்வளவு நேரம் நின்றாகிவிட்டது, இப்போது போய் உட்கார வைத்தால் இதுவரை நின்றது வீணாகிவிடுமே என்று தோன்றியது. இது என்ன புத்தி? நின்றது நின்றதுதானே, அதைச் சேர்த்து வைத்து என்ன செய்யப் போகிறேன்? ஆனால் ஒவ்வொரு நிமிடமும் இதையே நினைக்கிறேன், ஒவ்வொரு நிமிடமும் கையை விசிலுக்குக் கொண்டுபோய் இறக்குகிறேன். மைக்கில் தமிழ் வாத்தியார் கோமதிநாயகம், "இன்னும் சில மணித்துளிகளில் நம் மாண்புமிகு விருந்தினர்" என்று ஒன்பதாவது தடவையாகச் சொல்கிறார். அவருக்குத் தெரிந்த அடைமொழி எல்லாம் தீர்ந்துபோய், ஊரின் பெருமை, மழையளவு, ரயில் நிலையம் வந்த வரலாறு வரை வந்துவிட்டார்.

இத்தனை டிரம் இருந்தும் மைதானத்தில் சத்தமே இல்லை. அதுவும் நான் போட்ட ஏற்பாடுதான். முதல் அடி விருந்தினருடையது. அவர் மேடைக்கு முன்னால் வந்து, கோலை வாங்கி, பெரிய டிரம்மில் மூன்று தட்டுத் தட்டினால்தான் விழா ஆரம்பம். அதுவரை விரல் நுனிகூடத் தோலில் படக் கூடாது. காலையில் ஒரு பையன் முழங்கையால் தட்டிவிட்டான் என்று அவனைப் பிடித்து ஒரு பாட்டம் கத்தினேன். அந்தப் பெரிய டிரம்தான் நம் பள்ளி டிரம். செவ்வந்திச் சரம் சுற்றி, நடுவில் குங்குமம் வைத்து, எல்லோருக்கும் முன்னால், மேடைக்கு நேர் எதிரே, தனியாக. அதைச் சுமந்துகொண்டு நிற்கிறவள் பேச்சிதர்ஷினி, ஒன்பதாம் வகுப்பு. வீட்டுப் பெரியவர்கள் குலசாமி பெயரை விடாமல், பிள்ளையின் அம்மா டி.வி.யில் பார்த்த பெயரையும் விடாமல் சேர்த்துக் கட்டிய பெயர். நான் பேச்சி என்றுதான் கூப்பிடுவேன். உயரம், நல்ல தோள், எத்தனை தூரம் நடந்தாலும் தாளம் மாறாது. அந்த டிரம் கழுத்திலிருந்து முட்டி வரை அவளை மறைத்துவிடும். மேலே முகமும் தொப்பியும், கீழே காலுறையும் ஷூவும், நடுவே டிரம். வரிசைக்குப் போகிறதுக்குக் கொஞ்சம் முன்னால் இவள் என்னிடம் வந்தாள். கையைத் தூக்கிக்கொண்டு, டீச்சர் என்றாள். என் ஒரு காதில் போன், மறு காதில் மைக்செட்காரர். "எல்லாம் பொறவு, போய் நில்லுட்டி, வண்டி வந்துட்டு" என்றேன். போய்விட்டாள். என்ன கேட்க வந்தாள்? வார் இறுக்குகிறது என்றிருப்பாளோ. சாப்பிட்டாளா? எலுமிச்சைச் சோறு போதாமல் போன வரிசையில் இவள் இருந்தாளா? காலையில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, தண்ணியைக் கொஞ்சமாகக் குடிங்க, நடுவுல போய் விவகாரம் பண்ணக் கூடாது என்று நானே சொன்னேன். தலை சுற்றுகிறது என்று சொல்ல வந்திருப்பாளோ? மேடையிலிருந்து பார்த்தால் அவள் முகம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. வியர்வை இல்லை. மற்றவர்களுக்கு வழிகிறதே, இவளுக்கு ஏன் இல்லை? ஆடுகிறாளா? இல்லை. ஆடவில்லை. ஆடாமல் நிற்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. விழுகிறவர்கள் முதலில் ஆட மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

சந்தனமேரி ஆடவில்லை. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, இதே மாவட்டத்தில் வேறொரு மைதானம், யாரோ ஒரு மந்திரி வருகிறார் என்று காலை ஒன்பது மணியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். நான் இடது, அவள் வலது, இருவருக்கும் சின்ன டிரம். காதோரம் ஈ உட்கார்ந்தால்கூடத் தட்டக் கூடாது. பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான், அவள் டிரம்மோடு முகம் குப்புற விழுந்துவிட்டாள். டிரம்மின் இரும்பு விளிம்பில் வாய் அடித்தது. முன்பல் பாதி போயிற்று. தோலில் ரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்ததை நான் கடைக்கண்ணால் பார்த்தேன். கழுத்தைத் திருப்பவில்லை. குனியவில்லை. தூக்கிக்கொண்டு போக ஆயாம்மா வரும்வரை என் பூட்ஸுக்கு அரை அடி தள்ளித்தான் கிடந்தாள், நான் மேடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அதற்குப் பரிசு வேறு கொடுத்தார்கள். எங்கள் கான்வென்டின் பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, கட்டுப்பாடான பிள்ளை என்று எவர்சில்வர் டம்ளர் ஒன்று. அம்மா அதில் ரொம்ப வருடம் காப்பி குடித்தாள். நான் இந்த வேலைக்கு வந்ததே அந்த டம்ளரால்தான் என்று சில நேரம் நினைப்பேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு திருமண வீட்டில் சந்தனமேரியைப் பார்த்தேன். பேத்தியை இடுப்பில் வைத்திருந்தாள். கட்டிய பல்லைக் காட்டிச் சிரித்தபடி, "நீ அசையாம நின்னியேட்டி, கீழ கெடந்து ஒன் காலைத்தான் பாத்துக்கிட்டு கெடந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஏன் குனியவில்லை என்று அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? சொல்லாமல் எப்படிக் குனிவது என்றா? இன்றைக்கு வரை யாராவது சொல்லட்டும் என்றுதான் நிற்கிறேன். இந்த வயதில், இந்த மேடையில், விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சி சொல்லட்டும் என்று.

படியேறி வருகிறவர் செபத்தியான் மாஸ்டர். கடற்கரை ஊர்ப் பள்ளியின் பேண்டு மாஸ்டர், பட்டாளத்தில் பேண்டு வாசித்துவிட்டு வந்த மனுஷன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விதியை மீறி என்ன சொல்லப் போகிறாரோ என்று விசிலைப் பிடித்துக்கொள்கிறேன். குரலைத் தாழ்த்தி, "எம் பயலுவ நிப்பானுவ டீச்சர். அதப் பத்தி இல்ல. முன்னால நிக்குத ஒங்க பிள்ள மூஞ்சி சரியில்ல. பாத்துக்கிடுங்க" என்கிறார். அவ்வளவுதான். திரும்பி இறங்கிப் போய் மறுபடி கையைக் கட்டிக்கொள்கிறார். அவருக்கு என் விசிலை மதிக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. நாலு மணி ஆறு நிமிடம். ஒரு மணி நேரம் ஆகப் போகிறது. அண்ணாச்சி ஷாமியானாவுக்கு வெளியே வந்து கேட்டுப் பக்கம் நடக்கிறார், நடந்தால் வண்டி வந்துவிடும் என்று. பேச்சி கண்ணை மூடித் திறக்கிறாள். மறுபடி மூடுகிறாள். இந்தத் தடவை திறக்க நேரமாகிறது. விழுவாள். டிரம்மோடு விழுவாள், அந்த இரும்பு விளிம்பு அவள் தாடையில் அடிக்கும், நான் இங்கே நின்று பார்ப்பேன். போதும் அமலோற்பவம், போதும். எந்தப் பெரிய ஆள் வந்தாலும் வரட்டும். விசிலை வாயில் வைத்து, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு ஊதுகிறேன். மைக்கைக் கோமதிநாயகம் கையிலிருந்து பிடுங்கி, "எல்லாப் பிள்ளைகளும் டிரம்மைக் கழற்றிக் கீழே வைங்க. அப்படியே உட்காருங்க. தண்ணீர் கொண்டு வருவாங்க" என்கிறேன். பிறகு பன்னிரண்டு அணியிலும் கொக்கி கழல்கிற சத்தம், வார் உரசுகிற சத்தம், டிரம் தரையில் இறங்குகிற சத்தம், முந்நூறு மூச்சு ஒன்றாக வெளியே வருகிற சத்தம். யாரோ ஒரு பிள்ளை சிரிக்கிறது. வேலியோரத்தில் மாஸ்டர்கள் தண்ணீர்க் குடத்தை நோக்கி ஓடுகிறார்கள். இவ்வளவு லேசான காரியத்துக்கா ஒரு மணி நேரம் செத்துப் பிழைத்தேன்? அழுகை வருகிற மாதிரி இருக்கிறது.

ஒருத்தி மட்டும் உட்காரவில்லை. பேச்சி நிற்கிறாள். டிரம்மைக் கழற்றவும் இல்லை. இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். பிடிவாதமா, காது கேட்கவில்லையா, இல்லை, விருந்தினர் தட்டுகிற டிரம் என்பதால் தரையில் வைக்கக் கூடாது என்று நினைக்கிறாளா? நான்தானே வாரம் பூராம், பூச் சுற்றினதுக்கு அப்புறம் இது சாமி மாதிரி, கீழே வைக்காதே என்று சொன்னேன். கையில் மைக் இருக்கிறது. இருக்கிறது என்பது மறந்துவிடுகிறது. "ஏட்டி பேச்சி, சொன்னது கேக்கலையா? கழத்தி வச்சிட்டு உக்காரு" என்கிறேன். அது மைதானம் முழுக்கக் கேட்கிறது. முந்நூற்று நாற்பத்தைந்து பிள்ளைகளும் திரும்பி அவளைப் பார்க்கிறார்கள். அவள் தலையை ஆட்டுகிறாள். மாட்டேன் என்று. என் மாணவி, எல்லார் முன்னாலும், எனக்கு. எனக்கு ஒரு கணம் சுள்ளென்று கோபம்கூட வந்தது, அதை ஒளிக்கவில்லை. மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போகிறேன். பக்கத்தில் போனதும் பார்க்கிறேன், அவள் வெள்ளைக் காலுறை இரண்டும் முட்டியிலிருந்து நனைந்து மஞ்சளாக ஒட்டியிருக்கின்றன. ஷூவைச் சுற்றி மண் கறுத்து ஈரமாகக் கிடக்கிறது. வாடை வருகிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை, டிரம்மின் மேல் விளிம்பையே பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் சொல்கிறாள்: "அப்பமே கேக்க வந்தேன் டீச்சர். ஒருக்கா போயிட்டு வந்துருதேன்னு." நான் எல்லாம் பொறவு என்று சொன்ன அந்த நிமிடத்தில். பக்கத்திலிருக்கிற கழிப்பறையை விருந்தாளிக்கு என்று பினாயில் ஊற்றிக் கழுவிப் பூட்டி வைத்திருந்த நேரத்தில். எத்தனை நேரமாக இப்படி நிற்கிறாளோ. இந்த டிரம் ஒன்றுதான் அவளுடைய நனைந்த உடுப்பை மறைத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் கழற்றச் சொன்னேன், மைக்கில். விழுந்துவிடுவாள், விழுந்துவிடுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவள் விழாமல் இருக்கத்தான் பாடுபட்டிருக்கிறாள், துளி அசைந்தாலும் தெரிந்துவிடும் என்று. "கேக்க வந்தே. நான்தான் காது குடுக்கல" என்கிறேன். மன்னிச்சுக்கோ என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லிப் பழக்கமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவள் கண்ணில் தண்ணீர் நிறைகிறது. "டிரம்மைக் கழத்தாண்டாம். அப்படியே என்கூட வா. என் ரூமுக்குப் போவோம்."

என் அறை கேட்டுக்குப் பக்கத்தில், வண்டி வருகிற பாதையைத் தாண்டி. அவள் வலப்பக்கம் நான் ஒட்டி நடக்கிறேன், என் சேலை முந்தானையை இழுத்து அவள் பின்பக்கம் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டு. பாதி தூரம் போனபோது ஹாரன் கேட்கிறது. கேட் இரண்டு பக்கமும் விரிகிறது. வந்துவிட்டார். ஒரு மணி நேரமாக வராதவர் இப்போது வருகிறார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார், "டீச்சர், பிள்ளைகள எழுப்புங்க, விசிலடிங்க, அந்த டிரம்ம எங்க கொண்டு போறீய, அதுலதான அவரு அடிக்கணும்" என்று கை இரண்டையும் ஆட்டுகிறார். பின்னால் கோமதிநாயகம் மைக்கில் "இதோ" என்று ஆரம்பித்துவிட்டார். பேச்சி நின்றுவிட்டாள். உடம்பு விறைக்கிறது. பழக்கம். வண்டி வந்தால் அட்டென்ஷன். "நிக்காத, நட" என்கிறேன். பாதையின் குறுக்கே கால் வைக்கிறோம். வெள்ளை வண்டி எங்களுக்கு நாலடி தள்ளி வந்து நிற்கிறது. ஓட்டுநர் மறுபடி ஹாரன் அடிக்கிறார். அண்ணாச்சி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக டீச்சர் இல்லாமல். பின்கண்ணாடி இறங்குகிறது. நல்ல முகம், நரைத்த மீசை, மனுஷன் சிரிக்கக்கூடச் செய்கிறார். "என்னம்மா, விழா ஆரம்பிச்சாச்சா?" என்கிறார். நான் திரும்பிப் பார்க்காமல், "கொஞ்சம் பொறுங்க சார். பிள்ள தாண்டிக்கிடட்டும்" என்கிறேன். காலுறை ஒட்டுவதால் பேச்சி சின்னச் சின்ன அடியாகத்தான் வைக்கிறாள். நான் அவளை அவசரப்படுத்தவில்லை.